மாமியார் கொத்திய புல்தரை

தல்லாகுளத்துப் பங்களா ஒன்றின் புல்தரையில் மேகங்கள் தண்ணீர் குடிக்க இறங்கும் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அதை வளர்த்த செல்லத்தாயோ, "ஆமா, கம்மாயின்னு நெனச்சிரும்" என்பாள்.

உசிலம்பட்டிக் கரட்டுக்காட்டில் பிறந்தவள். அதற்கு முன் அம்புட்டுப் பச்சையைச் சேலையில்தான் பார்த்திருந்தாள். புருஷன் ஆண்டிச்சாமி பங்களாவுக்குக் காவல், புல்லுக்கு அவள். மத்தியானம் வேப்பமரத்தடியில் கண்ணை மூடினால் புல் வளரும் சத்தம் கேட்குமாம், பட்டு மடிப்பதுபோல.

ஒரு சித்திரையில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பழுப்புத் திட்டுகள் விழுந்தன. தண்ணீர் ஊற்ற ஊற்றப் பெருகின. காக்கைகள் வேறு அங்கேயே கொத்தின. அவைதான் புல்லைப் பிடுங்குகின்றன என்று உண்டிவில்லால் விரட்டினாள். கோடை முடிவதற்குள் பச்சை திரும்பாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகப் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானி சொல்லிவிட்டாள். வேலை போனால் தோட்டத்துக் குடிசையும் போகும்.

அமாவாசையன்று, தையில் இறந்த மாமியார் ராக்கம்மாளுக்குப் படைத்து, இலையில் சோறு வைத்து, "கா... கா..." என்று அழைத்தாள். ஒரு காக்கையும் வரவில்லை. காக்கை தொடாமல் வீட்டார் சாப்பிட முடியாது.

"கோடை பூரா கல்லால அடிச்சா, எங்காத்தா எப்பிடிப் புள்ள வரும்?" என்றான் பசியோடு ஆண்டிச்சாமி.

"உசுரோட இருக்கையில கூப்பிடாமயே வந்து நிக்கும். இப்ப கிராக்கி பண்ணுது!"

கானலில் பங்களாவே மிதந்த வேளையில் கிழட்டுக் காக்கை ஒன்று இறங்கியது. தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது. ராக்கம்மாள் மருமகளின் குழம்பைப் பார்க்கும் அதே சாய்ப்பு. பிறகு சோற்றைத் தாண்டிப்போய்ப் புல்லைக் கொத்தியது.

செல்லத்தாயின் கை உண்டிவில்லுக்குப் போனது.

"ஏ புள்ள! அது எங்காத்தா!"

கை கும்பிட்டது. "அத்தே, வேணாம். எம் பொழப்பு அது."

அத்தை என்றைக்குக் கேட்டாள்? அலகால் பழுப்புப் புல்லை இழுத்தாள். பாய்போலச் சுருண்டு வந்தது. வேரே இல்லை, அடியில் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

"ஆயுசுக்கும் கொறை சொன்னிய. இதுதான் அத்தே நெசக் கொறை!"

உண்டிவில் அடுப்புக்குப் போனது. திட்டுகளைக் கிளறிவிட்டுக் காக்கைகளை விருந்துக்கு அழைத்தாள். வேப்பம்புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினாள். வெற்றிடங்களில் அறுகங்கணு நட்டாள். கோடை மழைக்குப் பின் வேப்பமரத்தில் மொய்த்த, அந்தப் புழுக்களின் தாய் வண்டுகளைப் புல்லில் முட்டையிடுமுன் உலுக்கிப் பொறுக்கினாள்.

ஆடி பிறக்குமுன் பச்சை திரும்பியது, குடிசையும் தங்கியது.

அதன்பின் அந்தக் கிழட்டுக் காக்கை இறங்கினால், படுத்திருக்கும் செல்லத்தாய் எழுந்து நிற்பாள். மேகம் இறங்கினால் எழுந்திருக்க மாட்டாள்.