செக்கிங் மேஜையில் ஆணுறைகள்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எய்ட்ஸ் தடுப்புப் பிரசாரத்தில் சேர்ந்த புதிது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், டீ இடைவேளையில் பெண்களிடம் பேச அனுமதி கிடைத்தது. கருத்தடை, பால்வினை நோய் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். ஒருத்தரும் நிமிரவில்லை. ஆளுக்கொரு ஆணுறைப் பாக்கெட்டைக் கையில் திணித்தேன்.

அடுத்த மாதம் கல்யாணம் ஆகவிருந்த செல்வி மட்டும், பனியனில் பழுது இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கும் செக்கிங் பழக்கத்தில் பாக்கெட்டையும் புரட்டினாள்.

"ஏனுங்க அக்கா, இது தேதி முடிஞ்சு போச்சுங்களே?"

நான் கொண்டு வந்த பெட்டியில் ஒன்றில்கூட தேதியைப் பார்த்திருக்கவில்லை. சமாளித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் இதை நம்பித்தானே அவள் கல்யாண வாழ்க்கையைத் தொடங்கியிருப்பாள்!

"தப்பு என்னோடதுங்க. பழசானா கிழிஞ்சிரும். நோயும் வரலாம், கர்ப்பமும் ஆகலாம். அப்படியே கொண்டு போயிராதீங்க" என்றேன்.

"படிச்ச புள்ளைக்குச் செக்கிங் தெரியலையே!" என்றார் ஒரு டெய்லர் அக்கா. ஷெட்டே சிரித்தது.

பழையதும் புதியதும் கலந்திருந்த பெட்டியைச் செக்கிங் மேஜையில் கொட்டினார்கள். தேதி பார்த்து, உறை ஓட்டையாகாமல் உள்ளே காற்று இருக்கிறதா என்று நான் சொன்னபடி அமுக்கிப் பார்த்து, தேறாத ரிஜெக்டைத் தனியாக ஒதுக்கினார்கள். கூடவே கேள்விகளும் வந்தன.

"ஊட்டுக்காரரு வேண்டாம்னா என்னங்க பண்றது?"

"நீயும் வேண்டாம்னு சொல்லிப் போடு!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

மணி அடித்தபோது நல்ல பாக்கெட்டுகளை எல்லாம் அவர்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள்; ஒன்றுகூட மிச்சமில்லை. முதலில் நான் பேசியபோது அவர்கள் என்னைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தப்பை ஒத்துக்கொண்ட பிறகுதான் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.