ஆளுக்குப் பன்னிரண்டு வள்ளம் மூன்று படி

எனக்குச் சந்தேக புத்தி அதிகம் என்று என் பிள்ளைகள் குறைபட்டுக்கொள்வார்கள். பால் அளக்கும்போது கண்ணை எடுக்க மாட்டேன். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். இதெல்லாம் பிறவிக் குணம் இல்லை, நாலாம் வகுப்பில் பிடித்த வியாதி.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மொரப்பூரிலிருந்து நாலு மைல் தள்ளி எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் ஒரே கூடம், நாலு வகுப்பு, ஒரே வாத்தியார். பையன்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். நாலாம் வகுப்புப் பெண்கள் மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் இருந்தோம். கணக்கு முடிந்ததும் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார வேண்டும் என்பது வாத்தியார் போட்ட சட்டம். பையன் முடித்தால் கைகட்டி உட்காருவான். பெண் முடித்தால், "சும்மாதான இருக்க, ஒரு கொடம் தண்ணி எடுத்தா" என்பார். சீக்கிரம் முடிக்கிறவள்தான் அதிகம் தண்ணீர் சுமந்தாள். அது நான்.

விடை சரியாக இருந்தாலும் வம்புதான். பின்னால் உட்கார்ந்திருப்பதால் முன்னால் இருப்பவனைப் பார்த்து எழுதியிருப்போமாம். "எவன் சிலேட்ட எட்டிப் பாத்த?" என்றுதான் முதல் கேள்வி வரும். தப்பாக இருந்தால் மட்டும் அது எங்கள் சொந்தப் புத்தி என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொள்வார்.

எனக்கு நேர் முன்னால் இருந்தவன் காட்டிலாகா கார்டின் மகன். அவன் அப்பாவுக்கு மாற்றலாகி, வெளியூரிலிருந்து வந்த குடும்பம். நிலம் கிடையாது, சம்பளச் சோறு. சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்த ஒரே பையன் அவன்தான். வாத்தியாருக்கு அவன்மேல் தனிப் பிரியம்.

என் சிலேட்டில் ஒரு மூலை உடைந்திருக்கும். அந்த மூலை சுவர்ப் பக்கம் வரும்படிதான் கவிழ்ப்பேன். ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், உடைந்த மூலை பையன்கள் பக்கம் இருந்தது. முதலில் பக்கத்துப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். பாவம், அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு வாத்தியாரையே சந்தேகப்பட்டேன். எலியைக்கூட விடவில்லை. அப்புறம்தான் எனக்கு முன்னால் இருந்த கழுத்தைக் கவனித்தேன். நான் குடத்தோடு நுழையும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தக் கழுத்து மட்டும் திரும்பாது.

யாரிடம் சொல்வது? அவன் பின்னால் திரும்பினான் என்று ஆரம்பித்தால், நான் முன்னால் எட்டினேன் என்று போய் முடியும். வாயை மூடிக்கொண்டு வேவு பார்த்தேன்.

எங்கள் ஊரில் நாலாவதோடு சரி. அஞ்சாவதுக்கு மொரப்பூர் போக வேண்டும். அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "இன்ஸ்பெக்டரு பாஸுன்னு சொன்னாருன்னா மொரப்பூருக்குப் போ. இல்லீன்னா ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போ." எனக்கு மொரப்பூர் வேண்டும். அந்த வயதில் வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். நாலாம் வகுப்புக்கு ஒரே ஒரு கணக்குத்தான் போட்டார்.

"ஒரு குடியானவருக்குக் களத்துல அம்பத்திரண்டு வள்ளம் ராகி வந்துச்சு. நாலு மகனுங்களுக்குச் சமமாப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு?"

நாலு படி ஒரு வள்ளம். அது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். நான் போட்டேன், கவிழ்த்தேன். "ஐயாவுக்குத் தண்ணி" என்றார் வாத்தியார். அன்றைக்குக்கூட! போனேன். திரும்பி வந்தபோது உடைந்த மூலை இடம் மாறியிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு சிலேட்டாகத் திருப்பினார். பதின்மூன்று வள்ளம், பதின்மூன்று வள்ளம் என்று வந்தது. கார்டு மகனிடம் நின்றார். பன்னிரண்டு வள்ளம் மூன்று படி. என்னுடையதைத் திருப்பினார். அதே பன்னிரண்டு வள்ளம் மூன்று படி. வேறு யாரிடமும் அந்த விடை இல்லை.

"இந்தப் புள்ள எட்டி எட்டிப் பாக்குமுங்க" என்று வாத்தியார் பிரம்பை எடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார். பையனைக் கேட்டார்: "எப்படிப் போட்ட?"

"வகுத்தனுங்க சார்."

"எதை?"

சிலேட்டைப் பார்த்துத்தான் சொன்னான்: "அம்பத்தொண்ண."

"நான் சொன்னது அம்பத்திரண்டு. ஒண்ணு எங்க போச்சு?"

அவன் அதையும் சிலேட்டிலேயே தேடினான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வள்ளம் சாமிக்குங்க" என்றேன். "அத எடுத்து வெச்சுட்டுத்தானுங்க பங்கு போடுவோம். மிச்சம் அம்பத்தொண்ணுதானுங்க."

பொறி வைத்துப் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது பொறி இல்லை, சுத்தமான தப்பு. எங்கள் களத்தில் அப்பா அளப்பார். வள்ளத்துக்கு ஒரு புளியங்கொட்டை வைத்து எண்ணுவது என் வேலை. பங்கு போடுமுன் ஒரு கொட்டையைத் தள்ளிவிட வேண்டும். கை பழகிவிட்டது. சிலேட்டிலும் தள்ளிவிட்டேன்.

"உங்க வீட்டுக்குக் களம் உண்டா தம்பி?" என்று இன்ஸ்பெக்டர் பையனைக் கேட்டார்.

"இல்லீங்க சார். கடையில வாங்குவோம்."

கூடமே புரிந்துகொண்டு சிரித்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவன் அழ ஆரம்பித்தான். வாத்தியார் இன்ஸ்பெக்டரிடம் குனிந்து, "நல்ல பையனுங்க, ஒரு வருசம் வீணாப் போயிரும்" என்றார். இன்ஸ்பெக்டர் யோசித்துவிட்டு, நாற்பதை அஞ்சால் வகுக்கச் சொன்னார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டுவிட்டான்.

நான் சிலேட்டைத் துடைத்து, குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அடுத்தது எனக்குத்தானே? இன்ஸ்பெக்டர் மூன்றாம் வகுப்புப் பக்கம் நகர்ந்தார். வண்டி ஏறுமுன் பாஸானவர்கள் பெயரைப் படித்தார். கார்டு மகன் இருந்தான். நான் இல்லை.

வண்டி போன பிறகு வாத்தியாரிடம் ஓடினேன். "சார், எனக்கும் இன்னொரு கணக்குக் குடுத்திருக்கலாமில்லீங்க?"

அவர் கோபப்படவில்லை. கிண்டலும் செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"அதான் நீ பாத்து எழுதலீன்னு ஆயிருச்சே, புள்ள. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். திருட்டுப் பட்டம் போனதில் அப்பாவுக்கு ஏக சந்தோஷம். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். மறுநாள் விடிந்ததும் கோலை என் கையில் கொடுத்து ஆடுகளோடு அனுப்பினார்.