வேலிக்கு அப்பால் கொழுத்த கோழிகள்

அந்த உயிர்த்த ஞாயிறு விடியலில் வேலியடியில் நின்றவர்கள் மூன்று பேர்: நான், அப்பா, பக்கத்து வீட்டில் இருந்த என் வயதுக்காரன். அம்மாவும், வெள்ளாங்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து எங்களோடு தங்கியிருந்த சித்தி குடும்பமும் பூசைக்கு நேரத்தோடே கோயிலுக்குப் போய்விட்டார்கள். எங்கள் கோழிகள் ஒன்றும் அங்கே இல்லை.

யுத்தகாலத்துப் பேசாலை என்ற மீனவ ஊர் அது. மன்னாருக்கு வரும் வீதியை மூடினால் முதலில் காணாமல் போவது கோழித்தீன்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். கழிவில் புழு வளர்த்துக் கோழிக்குக் கொடுக்கலாம் என்று விவசாயப் பாடத்தில் படித்திருந்தேன். கழிவுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? கரையிலிருந்து மீன் குடலும் செவுளும் அள்ளிவந்து பழைய பீப்பா ஒன்றில் போட்டேன். நீர் வடிய அடியில் ஓட்டைகள் போட்டேன். மிச்சத்தை ஈக்கள் பார்த்துக்கொண்டன. நாற்றம் தாங்காத அம்மா, பீப்பாவைப் பக்கத்து வீட்டு வேலியோடு தள்ளிவைக்கச் சொன்னார்.

அப்பாவுக்கு நம்பிக்கையே இல்லை. உயிர்த்த ஞாயிறான பாஸ்குத் திருநாளைத் தவணையாக வைத்தார். "பாஸ்குக்கிடையில ஒரு முட்டையாவது கண்ணில காட்டு. இல்லாட்டி அஞ்சு கோழியும் சட்டிக்குள்ள" என்றார்.

நன்றாகக் கொழுக்கட்டும் என்று காத்திருந்தேன். ஆனால் கொழுத்த புழு ஒன்றும் கையில் அகப்படவில்லை. காலையில் பார்த்தால் நூல் நூலாகச் சிறிய புழுக்கள்தான். காகம் கொத்துகிறதாக்கும் என்று பழைய வலைத் துண்டால் மூடினேன். அப்படியும் அதே கதை.

பக்கத்து வீட்டுக் கோழிகளோ மினுங்கத் தொடங்கின. கொண்டை சிவந்து, நாளும் பொழுதும் முட்டையிட்டுக் கொக்கரித்தன. எனக்கு வயிறு எரிந்தது. அவன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேலிக்கு மேலால் முட்டையைத் தூக்கிக் காட்டுவான்.

"என்ன வாத்தியார், உங்கட புழு இன்னும் சோதினை பாஸ் பண்ணேல்லையோ?"

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நீ என்னடா போடுறாய்?"

"ஒண்டும் போடுறேல்லை மச்சான். விடியத் திறந்து விடுறன். வேலியடியில கிளறித் திண்டுதுகள்."

பொய் என்றே நினைத்தேன். எங்கேயோ தீன் மூட்டை பதுக்கியிருக்கிறான். என் கோழிகளும் விடிந்ததும் வேலிக்குக் கீழால் நுழைந்து அவன் வீட்டு வளவுக்கு ஓடியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னுடையவற்றையும் தீன் காட்டி இழுக்கிறானோ? அன்றே ஐந்தையும் கூட்டில் அடைத்தேன். அவனோடு கதைப்பதை விட்டேன். அவன் அம்மா கொடுத்தனுப்பிய முட்டைகளையும் திருப்பி அனுப்பினேன்.

அடைபட்ட கோழிகள் மெலிந்தன. முட்டை இல்லை. பாஸ்குக்கு முதல்நாள், பெரிய சனிக்கிழமை பின்னேரம் அப்பா கத்தியைத் தீட்டினார். ஐந்தையும் உரித்தும் சட்டி நிறையவில்லை.

நள்ளிரவில் நடக்கவேண்டிய உயிர்ப்புப் பூசையை, ஊரடங்கினால் அந்த வருடம் விடியற்காலையில் வைத்தார்கள். அதற்காக ஊரடங்கை நேரத்தோடு எடுத்திருந்தார்கள். மற்ற நாட்களில் இருட்டில் விளக்கோடு வளவில் இறங்க முடியாது. ஆமியின் காவலரண் பக்கத்திலேயே இருந்தது. அன்றுதான் முதன்முதலாக லாம்போடு கிணற்றடிக்குப் போனேன்.

வேலியடியில் மணல் அசைந்தது.

என் புழுக்கள். கொழுத்தவை. பீப்பாவின் அடி ஓட்டைகளால் இறங்கி, கிணற்று நீர் ஊறிய எங்கள் மண்ணைக் கடந்து, வேலிக்குக் கீழால் அவன் வளவின் காய்ந்த மணலுக்குள் போய்க்கொண்டிருந்தன. வளர்ந்து முடிந்த புழு ஈரத்தை விட்டுக் காய்ந்த இடம் தேடி இருட்டில் புறப்படும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன். பூசைக்கு வெள்ளைச் சேர்ட் போட்டு நின்ற அவனும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"அட! அப்ப எங்கட கோழிக்கு இவ்வளவு நாளும் சாப்பாடு போட்டது வாத்தியாரோ!"

வாய்விட்டுச் சிரித்தான். திறந்து கிடந்த எங்கள் வெறும் கூட்டைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

அப்பா என் கையிலிருந்த லாம்பை வாங்கி ஊதி அணைத்தார். "நட, பூசைக்கு நேரம் போகுது" என்றார்.

மத்தியானம் அவன் வீட்டுக்கும் ஒரு கோப்பை கறி அனுப்பினோம். எலும்புதான் அதிகம்.

யாருடைய வளவாவது என்னுடையதைவிடச் செழித்துத் தெரிந்தால் இப்போதும் எனக்கு வயிறு எரியும். ஆனால் முதலில் என் பக்கத்து வேலியடியைக் குனிந்து பார்த்துக்கொள்கிறேன். அப்படிக் குனியப் பழக எங்களுக்குச் செலவானது நாலு பேடும் ஒரு சேவலும்.