குறை ஏதும் இல்லை என்று எழுதியவன்

இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்துப் பல வருஷங்கள் ஆகின்றன. காகிதத்தை எடுப்பேன், மேலே சிறியதாக ஒரு சிலுவைக் குறி போடுவேன், முதல் வரியிலேயே கை நின்றுவிடும். பூசைக்கு நேரமாகிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். உண்மையில் நேரம் ஆகியிருக்காது. நான் அதிகம் படித்தவன் இல்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்து, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில், மோட்டார்கள் இருக்கும் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தேன். பிள்ளைகள் லேப் அண்ணா என்பார்கள். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், அந்த ஒரு கல்லூரியில்தான் இப்படி என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

கண்ணை மூடினால் முதலில் தெரிவது பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு. எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் இருபது பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆசிரியர் அவர்களுக்கு மென்டார். மாதம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, படிப்பு எப்படிப் போகிறது, வீட்டில் ஏதாவது சிரமமா, வகுப்பில் ஏதாவது குறையா என்று கேட்டு நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். அதை யோசித்தவர் நல்ல மனசோடுதான் யோசித்திருப்பார். வருஷத் தொடக்கத்தில் பிள்ளைகளே முதல் பக்கத்தில் தங்கள் தேவையை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த நோட்டுகளை யாரும் திறக்கவில்லை. மென்டாராக இருந்த இளம் ஆசிரியருக்கு வாரம் முழுக்க வகுப்பு, அதற்கு மேல் அட்மிஷனுக்கு ஊர் ஊராக ஆள் பிடிக்கும் வேலை. அவருடைய இருபது பேரில் பாதிப் பேரின் முகமே அவருக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்த பெண் அந்த இருபது பேரில் ஒருத்தி. லால்பேட்டைக்காரி. அவளுடைய அத்தா, அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், அங்கே சின்னதாக ஒரு கடை வைத்து, எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தருபவர். அந்தக் கடையிலேயே வளர்ந்த பெண். சிறுவயதில் காதில் சீழ் வைத்து, ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்று அரைகுறை. அது எனக்கும் முதலில் தெரியாது. ஒருநாள் ஆய்வகத்தில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா ஆய்வகத்திலும் நடக்கிற மாதிரி பையன்கள் சுற்றி நின்று மோட்டாரை ஓட்டினார்கள், பெண்களிடம் மீட்டர் அளவை எழுதிக்கொள்ளச் சொல்லி நோட்டைக் கொடுத்திருந்தார்கள். இவள் மட்டும் நோட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அண்ணா, ஆஃப் பண்ணுங்க. பேரிங் போவுது."

"சத்தம் நல்லாதான வருது?" என்றேன்.

"சத்தம் எனக்குத் தெரியாதுண்ணா. கைக்குத் தெரியுது."

பையன்கள் சிரித்தார்கள். "டாக்டரம்மா நாடி புடிக்கிறாங்கடா, ஃபீஸ் குடுத்துட்டுப் போங்க" என்றான் ஒருவன். மறுநாள் நான் கழற்றிப் பார்த்தேன். பேரிங் போய்த்தான் இருந்தது. அன்றைக்கே ஓர் ஆசிரியரைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணைக் கொஞ்சம் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பேரிங்கை மாற்றிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

வகுப்பில் வரிசை எண்படிதான் உட்காரவேண்டும் என்பது அங்கே சட்டம். அவளுடைய எண் கடைசியில் வந்ததால் கடைசி பெஞ்சு. அங்கிருந்து அவளுக்கு ஆசிரியர் வாயசைப்பதுகூடச் சரியாகத் தெரியாது. மேலே நான்கு மின்விசிறி கடகடவென்று ஓடும். வருகைப் பதிவு எடுக்கும்போது பேர் சொல்ல மாட்டார்கள், எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் மளமளவென்று சொல்லிக்கொண்டே போவார்கள். இவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள், பதில் வராது, ஆப்சென்ட் விழுந்துவிடும். வகுப்பு முடிந்ததும் பின்னாலேயே ஓடுவாள். சிலர் திருத்திக் கொடுத்தார்கள். "கூப்புடும்போது எந்த ஊர்ல இருந்த?" என்று கேட்டவர்களும் உண்டு. கொஞ்ச நாளில் அவள் ஓடுவதை நிறுத்திவிட்டாள். பாடத்தை அவள் பிடித்துக்கொண்டதெல்லாம் கரும்பலகையிலிருந்துதான். ஆய்வகத்தில் ஒவ்வொரு சோதனையையும் எப்படிச் செய்வது என்று பலகையில் எழுதிப் போடுவது என் வேலை. பங்குக் கோயிலில் அறிவிப்புப் பலகை எழுதிப் பழகிய கை. அவள் ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்வாள்.

அந்த வருஷம்தான் கல்லூரியைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. துறைத் தலைவர் மென்டார் நோட்டுகளை எடுத்துவரச் சொன்னார். முதல் பக்கத்தைத் தவிர எல்லாம் வெறுமையாக இருந்தன. புது நோட்டு வாங்கி, எல்லா மாதத்துக்கும் எழுதிவிட முடிவாயிற்று. "உங்க எழுத்து முத்து மாதிரி இருக்கும், நீங்களே எழுதிடுங்க" என்று என்னிடம் கொடுத்தார்கள். ஒரு தாளில் மாதிரி வாக்கியங்களும் கொடுத்தார்கள். நன்றாகப் படிக்க அறிவுரை வழங்கப்பட்டது, முன்னேற்றம் தெரிகிறது, குறை ஏதும் இல்லை. இவற்றை மாற்றி மாற்றி எழுத வேண்டும்.

பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து வெற்றுப் பக்கங்களில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கினோம். இவள் முறை வந்தபோது பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இதுல என்னண்ணா எழுதுவீங்க?"

"பழசுல இருக்கறத அப்படியே எழுதுவோம். போடும்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவளுடைய பழைய நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தாள். எனக்கு ஒரு காது கேட்காது, மற்றது குறைவாகக் கேட்கும், முன் பெஞ்சில் உட்கார அனுமதி வேண்டும், வருகை எடுக்கும்போது என்னைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. காசு செலவில்லாத இரண்டு விஷயம். நோட்டைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவரிடம் போனேன். அவர் படித்துவிட்டு, "இத எழுதினா, என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கமிட்டி கேக்கும். என்ன எடுத்தோம் நாம? விட்டுடுங்க, கமிட்டி போனப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நான் திரும்பி வந்து, எட்டு மாதத்துக்கும் குறை ஏதும் இல்லை என்று அழகாக எழுதினேன். பழைய நோட்டுகளைக் கட்டிப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டதும் நான்தான். குழு வந்தது, நோட்டுகளைப் புரட்டிப் பாராட்டிவிட்டுப் போயிற்று. அதன் பிறகு ஒருவரும் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை.

செமஸ்டர் முடிவில் வருகை குறைவு என்று அவளைப் பரீட்சை எழுத விடவில்லை. அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். அத்தா அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். வேலைச் சட்டையோடு, விரல் முனைகளில் வார்னிஷ் கறையோடு, துறைத் தலைவர் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தெனம் நாந்தான் சார் பஸ் ஏத்திவுட்டேன். ஒருநாள்கூட நிக்கல. காதுதான் சார் அவளுக்கு."

"காது கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க பாத்திருக்க மாட்டமா பாய்?" என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துவரச் சொன்னார். அலமாரியிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தவன் நான். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அத்தா மகளின் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"நீ போட்டதுதானம்மா?"

"ஆமா அத்தா. ஆனா நான் எழுதிக் குடுத்தேன்" என்றாள். நோட்டை இழுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அண்ணா" என்றாள்.

துறைத் தலைவரும் என்னைப் பார்த்தார். "என்ன, ஏதாவது எழுதிக் குடுத்துதா இந்தப் பொண்ணு?"

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

என் மகன் அப்போது அதே கல்லூரியில் முதல் வருஷம். ஊழியர் பிள்ளை என்பதால் பாதிக் கட்டணம். அதுதான் காரணம். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. அத்தா மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் திரும்பி வரவில்லை. பெரிய வெள்ளிக்கிழமையன்று கோயிலில் சிலுவைப் பாடுகளின் வாசகம் படிக்கும்போது, தன் குருவையே தெரியாது என்று ஒரு சீடர் மறுக்கும் இடம் வரும். அந்த இடத்தில் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

மகன் படிப்பை முடித்த பிறகுதான் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில், செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளும் இடத்தில், இதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தப் புள்ளகிட்ட சொன்னீங்களா?" என்றார். அடுத்த வாரம் சிதம்பரம் போய் பஸ் மாறி லால்பேட்டைக்குப் போனேன். கடையில் அவள் தரையில் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். காதில் மிஷின் இருந்தது. "வாங்கண்ணே, இவ்ளோ தூரம்" என்று அத்தா டீ வரவழைத்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ணா" என்றாள் அவள். "பலகையில உங்க எழுத்தப் பாத்துப் பாத்துதான படிச்சேன். தெரியாதா எனக்கு?"

அத்தா டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு கேட்டார். "ஒங்க புள்ள முடிச்சிட்டானா?"

"முடிச்சிட்டான் பாய். சென்னையில வேலை."

"நல்லா இருக்கட்டும்" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "மன்னிப்பெல்லாம் எங்கிட்ட இல்லண்ணா. என் வயசுப் புள்ளைங்க சம்பாதிக்கிறதப் பாக்கும்போது எனக்கு எவ்ளோ கோவம் வருது தெரியுமா? வந்ததுக்கு ஒண்ணு செய்யுங்க. நடந்தத எழுதுங்க. இப்பவும் எந்தக் காலேஜ்லயோ ஒரு நோட்டுல மொத பக்கத்துல ஒரு புள்ள எழுதி வச்சிருக்கும்."

அப்படியும் மூன்று வருஷம் எழுதாமல் இருந்தேன். "எதுக்குப்பா இப்ப இதெல்லாம், எல்லாக் காலேஜ்லயும் நடக்கிறதுதான்" என்றான் மகன். எல்லா இடத்திலும் நடக்கிறது என்பதைத்தான் நானும் சொல்ல வருகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது கல்லூரியில் பாடம் எடுக்கிறவராக இருந்தால், என்னைப் போல ஆய்வகத்தில் நிற்கிறவராக இருந்தால், இதை அவரிடம் கொடுங்கள், அல்லது வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியையும் விட்டுவிடாதீர்கள், எதையும் சேர்க்காதீர்கள். பாவம், பிள்ளைக்காகச் செய்தான் என்று என் பக்கம் ஒரு வார்த்தை போட வேண்டாம். கடைசியில் அந்தப் பெண் மன்னித்துவிட்டாள் என்று யாராவது முடித்துவைக்கப் பார்ப்பார்கள். அவள் மன்னிக்கவில்லை. அதை அப்படியே சொல்லுங்கள்.