எட்டு கிளாஸ் வைனும் ஒரு தகர வாளியும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக்காரரின் வைன் ஆலையைப் பார்க்கப் போனேன். போனது நன்றாக நினைவிருக்கிறது. திரும்பி வந்தது பிறர் சொல்லித்தான் தெரியும்.

என் வைன் ரசனை உங்களுக்குத்தான் தெரியுமே! இனிப்பு வைனா? அது இருமல் மருந்து. ஐஸ் போடுவதா? அபசாரம்! கிளாஸைச் சுழற்ற வேண்டும், முகர வேண்டும், கண்ணை மூட வேண்டும்... இதையெல்லாம் இந்தப் பத்தியில் எழுதியே பல வாரங்களை ஓட்டியிருக்கிறேன். கற்றது மொத்தமும் செல்போன் வீடியோக்களில் என்பதை மட்டும் எழுதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் மீனா ஒரு பையனை விரும்புகிறாள். தங்கமான பையன். அவன் அப்பா ஆறுமுகம்தான் எனக்கு உறுத்தல். ரங்கூன் அலோன் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர், இன்று நாலு லாரிக்கு முதலாளி. ஆனால் விடிந்ததிலிருந்து வாயில் குன்யா — சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்த வெற்றிலை. பல்லெல்லாம் ரத்தச் சிவப்பு. பேசும்போதே பாதியில் எழுந்து போய்த் துப்பிவிட்டு வருவார். இவரா என் சம்பந்தி? மூன்று மாதமாகப் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தேன். மீனா அழுதாள். நான் அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மனிதருக்குத் தன் இடம் எது என்று காட்டலாமே என்றுதான் ஆலைக்கு அழைத்துப் போனேன். அவர் கார், அவரே ஓட்டினார். ரங்கூனை விட்டு ஒரு மணி நேரம். ஷான் மலைத் திராட்சையைக் கொண்டுவந்து வைன் வடிக்கிறார் அந்த இங்கிலாந்துக்காரர். வாசலிலேயே, பர்மிய மரியாதைக்கு ஒரு 'கோ' போட்டு, கண்டிப்பாகச் சொன்னேன்.

"கோ ஆறுமுகம், குன்யாவை கார்லயே வச்சிருங்க. உள்ள போய் துப்பிக்கிப்பி வைக்காதீங்க."

"யாபாதே சம்பந்தி. ஆகட்டும்," என்று வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இரைச்சலில் எட்டு கிளாஸ்களை வரிசையாக வைத்தார் வெள்ளைக்காரர். பக்கத்தில் ஒரு தகர வாளி. "ருசி பார்த்துவிட்டு இதில் துப்பிவிடுங்கள்," என்றார் நல்ல பர்மியில்.

துப்புவதா? வீடியோவில் பார்த்ததுதான். ஆனால் ஒருவர் உபசரித்துக் கொடுத்ததை அவர் முகத்துக்கு நேரே எப்படித் துப்புவது? தவிர, எனக்கு முயன்றாலும் மோவாயில்தான் வழியும். கண்ணை மூடி, ரசிப்பதுபோல விழுங்கினேன்.

ஆறுமுகம் வாயில் வைத்தார், ஒதுக்கினார், சுழற்றினார். இரண்டடி தள்ளி நின்றபடியே... சர்ரென்று ஒரே கோடு! வாளியின் நடுவில் விழுந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

வெள்ளைக்காரர் அசந்துபோனார். "இவர் வைன் ருசி பார்ப்பதையே தொழிலாகச் செய்பவரா?" என்று என்னிடம் கேட்டார்.

"புளியங்கா கழுவுன தண்ணி கணக்கா இருக்கு. கடேசில லேசா பொகை," என்றார் ஆறுமுகம் தமிழில். நான்தான் மொழிபெயர்த்தேன், வயிற்றெரிச்சலோடு. வெள்ளைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கடுப்பில் எட்டையும் முழுதாக விழுங்கினேன்.

இனி வருவது கேள்விப்பட்டது. திரும்பும் வழியில் அவர் சட்டையைப் பிடித்து, "ஒம்ம பல்லு செவப்பு! அதான்யா ஒம்ம வீட்ல பொண்ணு குடுக்க மாட்டேங்கிறேன்!" என்று கத்தினேனாம். பிறகு சாலையோரம் வாந்தி. தலையைத் தாங்கிப் பிடித்தவர், முகம் கழுவிவிட்டவர், மிங்கலா தாங்ஞுன்ட்டில் என் வீட்டு மூன்றாவது மாடிவரை கைத்தாங்கலாக ஏற்றிவிட்டவர் — எல்லாம் அந்தச் சிவப்புப் பல்லுக்காரர்தான்.

மறுநாள் காலை பையனின் அம்மா போன் செய்தார். மீனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒங்கப்பா தெனமும் குடிப்பாராம்மா? குடிகார வீட்ல எப்படிம்மா சம்பந்தம் வைக்கிறது?"

மீனா என்னைப் பார்த்தாள். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. அவள் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன். போனை வாங்கக் கை நீட்டியபோது, அதில் பின்னாலிருந்து வெற்றிலை குதப்பிய குரல் ஒன்று கேட்டது.

"சும்மாயிரு புள்ள! அவரு குடிகாரரு இல்ல. பாவம், துப்பத் தெரியாத மனுசன்."