சரக்குத் தொட்டியில் நான்கு பயணம்

நலுமான்சி அக்காவின் இடுப்புத் துணி முடிச்சில் எப்போதும் ஒரு துண்டு நீலச் சோப்பு இருக்கும். அவளுக்குப் பக்கத்தில் தக்காளி குவித்து விற்கும் நான் பல வருடங்களாக அதைப் பார்த்து வருகிறேன். அவள் விற்பது மாட்டுக் குடல். அறுப்புக் கொட்டகையிலிருந்து பிளாஸ்டிக் தொட்டியில் அள்ளி, சைக்கிளின் பின்னால் கட்டி, தானே மிதித்து வருவாள். கம்பாலா நகருக்குப் போகும் சாலையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வேறு எந்தப் பெண்ணும் சைக்கிள் ஓட்டுவதில்லை.

"சைக்கிள் மிதிக்கிற பொம்பளைய எவன் கட்டுவான்?" என்று கசாப்புக்காரர் செகிட்டோ ஒருநாள் சிரித்தார்.

"கட்டினவனை எறக்கி விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். இடம் காலியா இருக்கு, நீ ஏறிக்கிறியா?" என்றாள்.

பெருந்தொற்று வந்து ஊரடங்கு போட்டார்கள். அறுப்புக் கொட்டகை மூடியது. கழிவைத் தின்று வளர்ந்த நாய்கள் விலா எலும்பு தெரிய சந்துகளுக்குள் வந்தன. பள்ளியும் மூடியிருந்ததால் பிள்ளைகள் எல்லாம் அதே சந்துகளில்தான் இருந்தார்கள். மூன்றாவது வாரம், என் ஏழு வயது மகள் கிசாக்யேயின் கெண்டைக்காலில் ஒரு செம்பட்டை நிற நாய் கடித்துவிட்டு ஓடியது.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கறுப்புக் கல் வைத்துக் கட்டினேன். அது சுட்டுக் கருக்கிய எலும்புத் துண்டு. விஷத்தை உறிஞ்சியதும் தானாக விழும் என்பார்கள்.

அக்கா வந்து பார்த்ததும் அதைப் பிடுங்கி எறிந்தாள். முடிச்சை அவிழ்த்துச் சோப்பை எடுத்தாள். மஞ்சள் கேன் தண்ணீர் தீரும் வரை, பிள்ளை அலற அலற, புண்ணைக் கழுவினாள்.

"அக்கா, கல்லு தானா விழணும்னு சொன்னாங்களே."

"என் தங்கச்சிக்கும் தானாத்தான் விழுந்துச்சு. நாப்பதாவது நாள் அவளும் விழுந்தா. தண்ணியக் காட்டினா கத்துவா, தெரியுமா?"

அதற்கு முன்னும் பின்னும் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எங்கள் சுகாதார நிலையத்தில் வெறிநாய் ஊசி இல்லை. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி மாவட்ட ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். அன்றே ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள். வண்டிகளில் சரக்கு மட்டும் போகலாம், ஆள் போகக் கூடாது என்பது உத்தரவு. அக்கா தொட்டியைக் கழுவி, வாழை இலை விரித்து, கிசாக்யேயை உள்ளே உட்கார வைத்தாள். நான் பின்னால் ஓடினேன்.

பாதி வழியில் சோதனைச் சாவடி.

"ஆள் ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?" என்றான் சிப்பாய்.

"ஆளா? தொட்டியில இருக்கிறது சரக்கு சார்."

"அனுமதிக் கடுதாசி எங்க?"

"அதைக் குடுக்கிற அதிகாரி ஆஸ்பத்திரிக்கு எதிர்லதான் இருக்காரு. அவரைப் பாக்கப் போறதுக்கு எந்தக் கடுதாசி காட்டணும்?"

பெரிய மனிதர்கள் முன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் நாங்கள் மண்டியிட்டுத்தான் பேசுவோம். நான் மண்டியிட்டு, "ஐயா, தயவு பண்ணுங்க" என்றேன். அவன் திரும்பிக்கொண்டான்.

"எந்திரி," என்றாள் அக்கா. "கீழ இருந்தா உன் தலைமுடிதான் அவருக்குத் தெரியும். முகத்தைப் பாக்கட்டும்." பிறகு அவனிடம், "உங்க பேரு என்ன சார்? இந்தப் பிள்ளை தண்ணியக் கண்டு அலறுற அன்னிக்கு உங்ககிட்டதான் தூக்கிட்டு வரணும். பேரு தெரிஞ்சா விசாரிக்க வசதி."

அவன் தடுப்புக் கம்பை உயர்த்தினான்.

இரண்டாம் முறையும் அவனே விட்டான். மூன்றாம் முறை வேறொருவன் இருந்தான். குனிந்து இரண்டு சக்கரத்திலும் வால்வைப் பிடுங்கி வயலில் எறிந்தான். "இப்பப் போ பாப்போம்" என்றான்.

அக்கா போனாள். காற்றில்லாத சைக்கிளைப் பிள்ளையோடு ஒன்பது கிலோமீட்டர் தள்ளினாள். செருப்பு பாதியில் அறுந்து, வெறுங்காலைக் கல் கிழித்தது. ஊசி போட்டாகிவிட்டது, ஆனால் அவள் கால் சீழ் பிடித்து வீங்கியது. கடைசி ஊசி நாளன்று அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"நீ கூட்டிட்டுப் போ."

"எனக்குப் பேச வராதே அக்கா."

"பேச வேண்டாம். நின்னாப் போதும்."

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, பிள்ளையைத் தொட்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். சாவடியில் வால்வைப் பிடுங்கியவன்தான் நின்றான். என் முழங்கால்கள் தாமாகவே மடங்கப் பார்த்தன. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன். ஊசி அட்டையை நீட்டி, காலியாக இருந்த நான்காவது கட்டத்தில் விரல் வைத்தேன்.

"இன்னும் ஒண்ணு."

அவன் என் முகத்தையே பார்த்தான். நானும் பார்த்தேன். பின்னால் கரி ஏற்றிய லாரி ஒலி எழுப்பியது. நான் நகரவில்லை. கடைசியில் கம்பு உயர்ந்தது.

கிசாக்யே இப்போது எனக்குத் தோள் வரை வளர்ந்துவிட்டாள். அக்கா அதே சைக்கிளில்தான் குடல் கொண்டு வருகிறாள், சற்று நொண்டியபடி இறங்குகிறாள். என் இடுப்பு முடிச்சிலும் சோப்பு இருக்கிறது. எங்கள் சுகாதார நிலையத்தில் இன்றுவரை அந்த ஊசி இல்லை. நாய் கடித்தால் பதினெட்டு கிலோமீட்டர் போக வேண்டும்.