அப்பாவிடம் கேட்கவே இல்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை. ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் வராந்தாவில் நின்றுகொண்டு நானும் அண்ணனும் எங்கள் அப்பாவைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருந்தோம். அப்பா பத்தடி தள்ளி, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார்.

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அம்மா இறந்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் வீட்டில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரென்று மூச்சு வாங்க, பக்கத்து வீட்டுக்காரர் காரில் அவசர அவசரமாக ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தேன். சிறுநீரகம் இரண்டுமே கெட்டுவிட்டன, இதயமும் பலவீனம் என்றார்கள்.

அதைவிட எங்களைக் கலங்கவைத்தது அப்பா பேசிய பேச்சு. “வலிக்குதாப்பா?” என்று கேட்டால் “சாப்பிட்டேன்” என்பார். பாதி நேரம் பதிலே சொல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நினைவு தப்பிவிட்டது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னோம்.

மதுரைக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்து பார்க்கலாம், ஆனால் இந்த இதயம் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது, கலந்து பேசிச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அண்ணன் கோயம்புத்தூரில் போலீஸ் வேலையில் இருந்தவன், லீவு போட்டு ஓடி வந்திருந்தான். “கொண்டு போயிருவோம். பாக்காம விட்டுட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிரக் கூடாது” என்றான். எனக்கும் அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. சரி என்று தலையாட்டினேன். நான்கு மணிக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாயிற்று.

அப்போதுதான் அப்பாவுக்கு ஊசி போட்டுவிட்டு வெளியே வந்த நர்ஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும்.

“அக்கா, அப்பாவுக்குக் காது எப்பிடி?”

“மிஷின் வெச்சாத்தான் கேக்கும்” என்று சொன்ன மறுநொடி எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிஷின் வீட்டில் கிடந்தது. காரில் ஏற்றிய அவசரத்தில் மறந்தது, மூன்று நாளாக நினைப்பே வரவில்லை.

“ஊசியக் காட்டினதும் அவியளே சட்டைக் கையச் சுருட்டி விடுதாவ. நெனவு தப்புனவிய மாதிரி எனக்குத் தெரியல. அதான் கேட்டேன்” என்றார் அந்த நர்ஸ்.

பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஷேவிங் செட்டுக்குப் பக்கத்தில், சின்ன டப்பாவில் இருந்தது. வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்த எனக்கே தெரியாமல் போயிற்றே என்ற வெட்கம். திரும்பி வந்து காதில் மாட்டியதும் அப்பா முகம் சுளித்தார், பிறகு தெளிந்தார்.

“எங்கட்டி போயிருந்த? மூணு நாளா எல்லாவனும் வாயை வாயை அசைக்கீக, ஒண்ணும் வெளங்கல.”

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

டாக்டரை அழைத்து வந்தோம். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் நிதானமாகச் சொன்னார். அப்பா கேட்டது ஒன்றுதான். “செஞ்சா சரியாயிருமா சார்?”

“சரியாகாதுங்கய்யா. கொஞ்ச நாள் கூடக் கிடைக்கலாம். வாரத்துக்கு மூணு தடவை போகணும். செய்யும்போதே உயிருக்கு ஆபத்தும் வரலாம்.”

அப்பா கொஞ்ச நேரம் போர்வை நுனியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப வேண்டாம். வீட்டுக்குப் போறேன். மூச்சு முட்டுனா மட்டும் அதுக்கு எதாவது குடுங்க” என்றார்.

அண்ணனுக்குத் தாங்கவில்லை. “அப்பா, நாங்க உங்களப் பாக்காம விட்ட மாதிரி ஆயிருமே!”

“எலே, ஊருக்குப் பயந்துக்கிட்டு என்னைய ஊசியில மாட்டிப் போட்டுறாத” என்றார் அப்பா. கோபமில்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது. அதே ஆம்புலன்ஸில் அப்பாவை மதுரைக்குப் பதில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அதன் பிறகு இருபத்து மூன்று நாள் இருந்தார். மூச்சுத்திணறலுக்கு மருந்தும் ஆக்சிஜனும் டாக்டர் ஏற்பாடு செய்து கொடுத்தார். பத்தியமெல்லாம் வேண்டாம், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார். கருவாட்டுக் குழம்பு கேட்டார் அப்பா. மூன்று வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு குறைச்சல் என்று என்னைத் திட்டினார். அண்ணன் லீவை நீட்டித்துக்கொண்டு தினமும் குளிப்பாட்டிவிட்டான். அவர்கள் இருவரும் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. கஷ்டமான நாட்களும் இருந்தன. ஒருநாள் மூச்சுக்குத் தவித்தபோது, மதுரைக்கே போயிருக்கலாமோ என்று மனம் அடித்துக்கொண்டது. அப்பாவிடமே திரும்பக் கேட்டேன். வேண்டாம் என்று கை அசைத்தார். ஒரு காலையில், அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதே அமைதியாக அடங்கிவிட்டார்.

துக்கத்துக்கு வன்னியம்பட்டியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், “மதுரைக்குக் கொண்டு போயிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாவ” என்றார். நாங்கள் எதற்குப் பயந்தோமோ அதே வார்த்தை. அண்ணன் என்ன சொல்வானோ என்று பார்த்தேன். “இருந்திருக்கலாம் மாமா. ஆனா அப்பாகிட்ட கேட்டுத்தான் செஞ்சோம்” என்றான். குரல் நடுங்கவே இல்லை.

எடுத்த முடிவு சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அது அப்பாவின் முடிவு என்பதால், அவர் நினைவு வரும்போதெல்லாம் அழுகை வருகிறதே தவிர, குற்றவுணர்வு வருவதில்லை.